ஐந்து புள்ளிக்கு ஒரு மண்டபம்

சிவசங்கரன் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றி மட்டாஞ்சேரியில் இதுவரை எவரும் ஒரு குறை சொன்னதில்லை. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மொத்தமாக விற்கிற குடும்பம். நான்கு தலைமுறையாக வீட்டுப் பெண்களை, தெருமுனையில் இருக்கிற சமூக மண்டபத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் என்றால் பெண் வீட்டு வாசலிலிருந்து நாதஸ்வரம் கிளம்பி மண்டபத்து வாசலில் போய் நிற்க வேண்டும். நடுவில் காரும் பஸ்ஸும் கூடாது. இந்த ஒழுங்கு தன் காலத்தில் தவறிப்போவதைச் சிவசங்கரன் பார்த்துக்கொண்டிருக்கத் தயாராக இல்லை.

ஆனால் சம்பந்தி பாண்டித்துரை ஊரின் மறுகோடியில் இருக்கிற தேவராக்காரர். கப்பல் கட்டும் தளத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம் கிரேனை ஏற்றவும் இறக்கவும் உத்தரவு போட்ட வாய் அது. தேவராவில் புதிதாகக் கட்டிய ஏசி மண்டபத்தில்தான் மகன் கேசவின் கல்யாணம் நடக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு.

இதைப் பேசித் தீர்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மூன்றாவது ஞாயிறு இது. ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு மண்டபத்தையும் பிடித்து வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.

"எங்க ஆளுங்க ரெண்டு பஸ்ல வருவாங்க சம்பந்தி. உங்க தெருவுல ஆட்டோ திரும்பணும்னாலே எதிர் வீட்டுக்காரன் ஜன்னலைச் சாத்தணும்," என்றார் பாண்டித்துரை.

"நடந்து வரட்டும். எங்க வீட்டுப் பொண்ணைக் கட்டறதுக்கு நூறு அடி நடந்தா கால் தேஞ்சிடாது," என்றார் சிவசங்கரன்.

சிவசங்கரனின் மனைவி கற்பகம் இரண்டாம் முறை சாயா கொண்டுவந்து வைத்தாள். பழம்பொரித் தட்டு காலியாகிவிட்டது. பேச்சும் காலியாகிவிட்டது. இரண்டு பெரிய மனிதர்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மௌனத்தில்தான் பக்கத்து அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

நிச்சயதார்த்தத்துக்குக் கேசவ் தன் வருங்கால மனைவி சுபாஷிணிக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். மோதிரம், புடவை, அதற்கப்புறம் வீடியோ கேம். இந்த வரிசையே சிவசங்கரனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள்கூட அதன் பக்கம் போகாமல் இருந்தார். இப்போது சத்தம் வரம்பு மீறுகிறதே என்று எழுந்து போனார். பாண்டித்துரையும் பின்னால் வந்தார்.

டிவிக்கு முன்னால் கேசவும் சுபாஷிணியும் ஆளுக்கொரு வெள்ளை ரிமோட்டைக் கையில் பிடித்து, வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு பொம்மை மனிதர்கள் வலைக்கு இரு பக்கமும் நின்று ஷட்டில் ஆடினார்கள். இவர்கள் கையை வீசினால் அவர்கள் மட்டையை வீசினார்கள்.

"ஓட வேண்டாம் மாமா. அது தானே ஓடிக்கும்," என்று கேசவ் சிவசங்கரனிடம் விளக்கினான். "ஷட்டில் நம்ம பக்கம் வர்றப்போ சரியான நேரம் பார்த்துக் கையை வீசணும். மேலேருந்து கீழே ஓங்கி வெட்டினா ஸ்மாஷ். முதல்ல அஞ்சு புள்ளி எடுக்கறவங்க ஜெயிச்சாச்சு. அவ்வளவுதான்."

"இங்க குடு," என்றார் பாண்டித்துரை. வாங்கி வீசினார். முதல் வீச்சிலேயே புள்ளி. இரண்டாவதிலும் புள்ளி. திரும்பிச் சிவசங்கரனைப் பார்த்தார். "பார்த்தீங்களா. கையில ஒரு கணக்கு இருக்கு. மண்டியில உக்காந்து தராசு பிடிக்கற மாதிரி இல்ல இது."

சிவசங்கரனின் முதுகு ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரானது.

"தராசு பிடிச்ச கை நடுங்காது சம்பந்தி. இரும்பைத் தூக்கின கைதான் நடுங்கும்."

"அப்போ ஆடிப் பார்த்துடலாமா? ஜெயிச்சவர் சொல்ற மண்டபம்."

"கல்யாணத்தை வெச்சு விளையாடறதா? கேக்கறவங்க சிரிப்பாங்க," என்றாள் கற்பகம்.

"மூணு ஞாயித்துக்கிழமை சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தோமே, அதுக்கு மட்டும் அழுவாங்களா?" என்றார் பாண்டித்துரை. "பயமா இருந்தா விடுங்க. தேவரான்னு இப்பவே சொல்லிடலாம்."

அந்த வீட்டில் பயம் என்கிற வார்த்தையை யாரும் அப்படி நடுக்கூடத்தில் வைத்துச் சொன்னதில்லை. சிவசங்கரன் மோதிரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். கையில் ரிமோட்டை வாங்கி, அதன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். "சம்பந்தி தப்பா நினைக்கக் கூடாது," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கணுக்கால் வரை இருந்த வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார்.

"ஓட வேண்டாம்ப்பா," என்றாள் சுபாஷிணி.

"ஓடறதுக்கு இல்ல. ஆடறதுக்கு ஒரு மரியாதை இருக்கு."

அப்பாவுக்காக அவள் திரையில் ஒரு பொம்மை செய்தாள். நரைத்த மீசை, ஏறிய நெற்றி, மூக்குக் கண்ணாடி எல்லாம் அச்சாக வந்தது. இடுப்பில் மட்டும் சிவப்பு அரைக்கால் சட்டை.

"இது என்னது?"

"அதுல வேட்டி இல்லப்பா."

"நம்ம குடும்பத்துல ஆம்பளை எவனும் இப்படித் தெருவுக்கு வந்ததில்ல."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் கற்பகம். அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும்: சிவசங்கரனுக்கு ஆட வரவில்லை. ஷட்டில் வரும், அதை அவர் பார்ப்பார், சரக்கைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிற நிதானத்தோடு தீர்மானிப்பார், அதற்கப்புறம் கையை வீசுவார். அதற்குள் ஷட்டில் தரையில் கிடந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். மூன்று நிமிஷத்தில் மூன்று புள்ளி போய்விட்டது. பாண்டித்துரை ஒவ்வொரு புள்ளிக்கும் கிரேனுக்குக் காட்டுவதுபோலக் கட்டை விரலை மேலே தூக்கினார்.

"மூணு, பூஜ்யம். தேவரா மண்டபத்துல செருப்பு வைக்கறதுக்கே தனி ரூம் இருக்கு சம்பந்தி."

சிவசங்கரனின் காது சூடானது. நான்கு தலைமுறை, ஒரு சிவப்பு அரைக்கால் சட்டைக்காரனின் கையில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

நான்காவது ஷட்டில் உயரமாக எழும்பி அவர் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளறைத் திரைச்சீலை விலகி அத்தை வந்தாள்.

சீனியம்மாள் சிவசங்கரனின் அப்பாவுக்குத் தங்கை. வயது எண்பத்தாறு. வீட்டில் சின்னவர், பெரியவர், அடுத்த வீட்டுக்காரர் எல்லோருக்கும் அவள் அத்தைதான். பெரியவர்கள் எதிரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். இந்த வீட்டில் அது வழக்கம்கூட இல்லை, மூச்சு. அத்தையின் தலை தெரிந்ததோ இல்லையோ, சிவசங்கரனின் கை இடுப்புக்குப் போய் மடிப்பைப் பிடுங்கி, விசுக்கென்று கீழே இறக்கியது. அறுபத்தேழு வயதிலும் அந்தக் கைக்கு யோசனை தேவைப்படவில்லை.

அந்தக் கையில்தான் ரிமோட் இருந்தது.

திரையில் சிவப்பு அரைக்கால் சட்டைக்காரன் துள்ளி எழுந்து இடி மாதிரி ஒரு ஸ்மாஷ் அடித்தான். பாண்டித்துரையின் பொம்மை மல்லாந்து விழுந்தது. மூன்று, ஒன்று.

"என்ன சத்தம்?" என்று அத்தை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. விளையாட்டு."

அத்தை திரையை ஒரு பார்வை, அண்ணன் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். சிவசங்கரன் வேட்டியை மறுபடி மடித்துக் கட்டினார். அந்தப் புள்ளி தன் திறமையால் வந்தது என்றே அவர் முழுமனதோடு நம்பினார்.

சுபாஷிணி நம்பவில்லை. அவள் மெதுவாக எழுந்து திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனதை அப்பா கவனிக்கவில்லை.

அடுத்த ஷட்டில் இறங்கும் நேரத்தில் அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தாள். வேட்டி இறங்கியது. ஸ்மாஷ். மூன்று, இரண்டு. கண்ணாடி அவள் மூக்கிலேயே இருந்தது. அதற்கடுத்த ஷட்டிலுக்கு மணி என்ன என்று கேட்க வந்தாள். வேட்டி இறங்கியது. ஸ்மாஷ். மூன்று, மூன்று. சமையலறையிலிருந்து திரும்பியிருந்த கற்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். கேசவ் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

"நிறுத்துங்க," என்றார் பாண்டித்துரை. ஃபோர்மேன் கண் சும்மா இருக்குமா. "சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அத்தைக்கும் உங்க ஸ்மாஷுக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன சொல்றீங்க?"

"அவங்க வந்தா உங்க வேட்டி இறங்குது. வேட்டி இறங்கினா எனக்கு அடி விழுது. பின்னால பாருங்க."

சிவசங்கரன் திரும்பிப் பார்த்தார். திரைச்சீலையின் ஓரத்தில் அவருடைய மகள், ஒரு கையால் அத்தையின் தோளைப் பிடித்தபடி, மறு கையைத் தூக்கிப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் கையை இறக்கினாள்.

"சுபா."

"அப்பா, நீங்களா அடிச்சா லேட்டாத்தான் வருது. வேட்டின்னா கரெக்டா வருது. நான் என்ன பண்றது?"

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிவசங்கரன் சிரிக்கவில்லை. மண்டியில் ஒரு மூட்டைச் சுக்கில் ஒரு கல் இருந்தால் அந்த மூட்டையையே திருப்பி வாங்கிக்கொள்கிற குடும்பம். தோற்கலாம்; அத்தையை வைத்து ஏமாற்றி ஜெயித்தார்கள் என்று தேவரா வரைக்கும் பேச்சுப் போகக் கூடாது.

"அந்த மூணு புள்ளியும் எனக்கு வேண்டாம் சம்பந்தி. மூணு, பூஜ்யம்னே வெச்சுக்கோங்க."

பாண்டித்துரை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அப்படி ஜெயிச்சா எனக்கு மட்டும் என்ன பெருமை? புள்ளி இருக்கட்டும். நான் பேன்ட்ல நிக்கறேன், நீங்க வேட்டியில நிக்கறீங்க, அதுதான் கோளாறு. எனக்கும் ஒரு வேட்டி குடுங்க. ஆட்டம் சமமாயிடும்."

"அப்பா, வேண்டாம்," என்றான் கேசவ்.

"கப்பலையே தண்ணியில இறக்கினவன்டா நான். ஒரு வேட்டியை இறக்க மாட்டேனா?"

கற்பகம் பீரோவைத் திறந்து, பிராட்வே கடைத்தெருவில் வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கரை வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். பாண்டித்துரை பேன்ட்டுக்கு மேலேயே அதைச் சுற்றி, பெல்ட்டையும் அதன் மேல் மாட்டி, மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கஞ்சி போட்ட துணி, பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

"இனி அத்தை வரக் கூடாது," என்றார் சிவசங்கரன் மகளிடம்.

"வரட்டும்," என்றார் பாண்டித்துரை. "அவங்க வீடு. வரக் கூடாதுன்னு நாம யாரு சொல்ல? எங்கம்மா இருந்த வரைக்கும் நானும் இறக்கினவன்தான்."

மறுபடி ஆட்டம். இப்போது சிவசங்கரனுக்கு வெறி வந்துவிட்டது. நிதானத்தை விட்டார். கண்ணில் பட்டதும் வீசினார். ஷட்டில் திரும்பிப் போனதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். பாண்டித்துரை திருப்பினார். இவரும் திருப்பினார். அவர் எம்பினார், கஞ்சி வேட்டி அவிழ்ந்து சரிந்தது, அதைப் பிடிக்கக் குனிந்தார், ஷட்டில் அவர் பக்கத்துத் தரையில் விழுந்தது. நான்கு, மூன்று. முதல் தடவையாகச் சிவசங்கரன் முன்னால்.

"செருப்பு ரூம்ல போய் வேட்டியைச் சரி பண்ணிட்டு வாங்க சம்பந்தி," என்றார் அவர். சொல்லிவிட்டு, தன் வாயா இது என்று திகைத்தார். கற்பகம் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை இப்படிக் கண்டதில்லை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீசைக்கு அடியில் பல் தெரிந்தது.

இன்னும் ஒரே ஒரு புள்ளி. தெருமுனை வரை நாதஸ்வரம் அவர் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது.

ஷட்டில் இவர் மட்டையிலிருந்து எழும்பி, வலையைத் தாண்டி, பாண்டித்துரையின் தலைக்கு மேலே போய் இறங்கத் தொடங்கியது. திரைச்சீலை விலகியது. அத்தை.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் இரண்டு இடுப்புக்குப் போயின. இரண்டு வேட்டிகள் ஒரே நேரத்தில் இறங்கின. ஷட்டில் பாண்டித்துரையின் பக்கம் இருந்தது, ஸ்மாஷ் அவருடையது. சிவசங்கரனின் சிவப்பு அரைக்கால் சட்டைக்காரன் வெறும் காற்றை வெட்டி, தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். நான்கு, நான்கு.

"சுபா."

"சத்தியமா நான் இல்லப்பா. இதோ, அம்மா பக்கத்துலதானே நிக்கறேன்."

"தண்ணி குடிக்க வந்தேன்," என்றாள் அத்தை. குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். போனாள்.

கடைசிப் புள்ளி. மணி ஐந்தரை. சிவசங்கரன் வேட்டியை இறுக்கி மடித்துக் கட்டினார். உள்ளறைப் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, உடம்பைப் பாதி திருப்பி நின்றார். ஷட்டில் போனது, வந்தது, போனது, வந்தது. பத்து. பதினைந்து. கேசவ் எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையைத் தவறவிட்டான். சுபாஷிணி யார் பக்கம் என்று அவளுக்கே தெரியாமல் இரண்டு பேருக்கும் கத்தினாள். பாண்டித்துரை மூச்சு வாங்கிக்கொண்டே, "மண்டிக்காரா, விட்டுடு," என்றார். "ஷிப்யார்டே, நீ விடு," என்றார் சிவசங்கரன். மரியாதைப் பன்மை போன இடம் தெரியவில்லை. அதை இருவருமே கவனிக்கவில்லை.

ஷட்டில் மறுபடி உயர எழும்பி வலைக்கு அந்தப் பக்கம் போனது.

"சிவா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரிய குரல்கூட இல்லை.

பார்க்காமல் இருக்கலாம். கேட்காமல் இருக்க முடியாது. வேட்டிகள் இறங்கின. பாண்டித்துரையின் பொம்மை ஆகாயத்தில் எம்பி ஓங்கி அடித்தது. ஷட்டில் சிவசங்கரனின் பக்கம் பாய்ந்து வந்த அந்த அரைக் கணத்தில் அவருடைய கை இன்னும் கீழே, வேட்டி விளிம்பிலேயே இருந்தது. மடித்த வேட்டியோடு நின்றிருந்தால் அதைத் திருப்பியிருக்கலாம். அப்படி நிற்க அவருக்குத் தெரியாது.

ஐந்து, நான்கு. திரையில் பாண்டித்துரையின் பொம்மை மேல் வண்ணக் காகிதம் பொழிந்தது. பாண்டித்துரை கட்டை விரலைத் தூக்கினார். பிறகு சம்பந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றாள் அத்தை. "தேவராதானே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அத்தை," என்றார் சிவசங்கரன். "வேணும்னேவா கூப்பிட்டீங்க?"

"பின்னே? ஷட்டில் அவர் பக்கம் போனப்புறம் வரணும்னு அங்கேயே நின்னு பார்த்துட்டிருந்தேன். போன தடவை தண்ணி குடிக்கிற சாக்கு கிடைச்சுது. இப்போ வேற சாக்கு ஒண்ணும் தோணல. அதான் கூப்பிட்டுட்டேன்."

"நம்ம மண்டபம் வேண்டாமா உங்களுக்கு? உங்களுக்கே அங்கதானே தாலி ஏறிச்சு."

"தாலி ஏறினப்போ எனக்குப் பதினேழு வயசு. நானும் குதிச்சு ஏறினேன். அந்த மண்டபத்து மாடிக்கு இருபத்துமூணு படி. போன கல்யாணத்துக்கு என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில வெச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா? ஒருத்தன் வீடியோ எடுத்தான். இன்னொருத்தன் சாமி எழுந்தருளுதுன்னு சொல்லிக் கும்பிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது? தேவராவுல லிஃப்ட் இருக்காமே. சுபா கல்யாணத்துக்கு நான் என் கால்ல நடந்து போய் முன்வரிசையில உக்காரணும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லத்தான் மூணு வாரமா வந்து வந்து பார்க்கறேன். நான் வந்தா நீ உடனே வேட்டியை இறக்கறே. இறக்கிட்டு அப்படியே கல்லு மாதிரி நிக்கறே. என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நானும் திரும்பிப் போயிடறேன்."

கற்பகம் தரையைப் பார்த்தாள். சிவசங்கரன் ரிமோட்டின் கயிற்றை மணிக்கட்டிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். போனை எடுத்தார். சமூக மண்டபத்துக் காரியதரிசியின் எண்ணை அவரே அழுத்தினார்.

"சிவசங்கரன் பேசறேன். ஆவணி முகூர்த்தத்துக்கு உங்க மண்டபம் வேண்டாம். ஆமா, தேவரா. ஏனா? எங்க வீட்டுப் பெரியவங்க உத்தரவு." முதுகு எப்போதும்போல நேராகவே இருந்தது. போனை வைத்தபோது, தோற்றவர் என்று அவரைப் பார்த்து ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

"மண்டபம் உங்களோடது," என்றார் பாண்டித்துரையிடம். "சமையல் எங்க ஆளு. மட்டாஞ்சேரியிலேருந்துதான் பாத்திரம் வரும்."

"அதெப்படி? எங்க மண்டபத்துல எங்க சமையக்காரன்தான்."

"எங்க வீட்டுக் கல்யாணத்துல உங்க சாம்பாரா?"

"அதுக்கு இன்னொரு ஆட்டம் போடுங்க," என்றாள் சுபாஷிணி. கேசவ் அதற்குள் திரையில் மறுபடி பூஜ்யம், பூஜ்யம் கொண்டுவந்துவிட்டான்.

சிவசங்கரன் ரிமோட்டைக் கையில் எடுத்தார். இடுப்புக்குக் கை போனது, அங்கேயே நின்றது. அத்தை இன்னும் அறையில்தான் இருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அத்தை, உங்களுக்கு யார் சமையல் வேணும்?"

சீனியம்மாளுக்கு அந்தக் கேள்வி புதிது. அதை வாய்க்குள் வைத்துக் கொஞ்ச நேரம் சுவைத்தாள்.

"முதல்ல ரெண்டு பேரும் ஆடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள். "நான் உள்ளே போறேன். நீங்க மடிச்சுக் கட்டிக்கோங்க."

திரைச்சீலை அவளுக்குப் பின்னால் விழுந்தது. இரண்டு சம்பந்திகளும் வேட்டியை மடித்துக் கட்டி, கயிற்றை மாட்டிக்கொண்டு, தோளோடு தோள் நின்றார்கள். முதல் ஷட்டில் எழும்பியபோது இரண்டு பேரும் திரையைப் பார்க்கவில்லை. திரைச்சீலையின் அடிவிளிம்பைப் பார்த்தார்கள். அதற்குக் கீழே, உள்ளே போகாமல், இரண்டு பாதங்கள் தயாராக நின்றுகொண்டிருந்தன.